இன்று டோநட் தினமாம், யார் சொன்னது?

ஜூன் மாதம் முதல் வெள்ளிக்கிழமை. காலையில் குடும்ப வாட்ஸாப் குழுவில் சித்தப்பா ஒரு படம் அனுப்புகிறார். சர்க்கரைப் பாகு பூசிய டோநட், அதற்கு மேலே "இன்று தேசிய டோநட் தினம்" என்று கொட்டை எழுத்து. அத்தை கைகூப்பும் பொம்மையைப் போடுகிறார். "நம்ம உளுந்து வடைக்கு ஒரு நாள் கிடையாதா?" என்று யாரோ கேட்கிறார்கள். எந்த தேசம், அறிவித்தது யார், எதற்காக என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்காமல் விடுவதால் இரண்டு எண்ணங்கள் உலவுகின்றன. எங்கோ ஓர் அரசாங்கம் கெஜட்டில் போட்டிருக்கும் என்பது ஒன்று. எல்லாமே கம்பெனிக்காரர்கள் கிளப்பிவிட்டது என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்பவர்கள் விவரமானவர்கள் போலத் தெரிவார்கள், ஆனால் அதுவும் பாதிதான் சரி. டோநட் தினத்துக்குப் பின்னால் ஓர் உலகப் போரே இருக்கிறது.

பஸ் ஸ்டாப்புக்குப் பெயர் வைப்பது யார்?

உங்கள் ஊரில் ஏதாவது ஒரு பஸ் ஸ்டாப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சி போர்டில் ஒரு தலைவர் பெயர் இருக்கும். கண்டக்டரோ பழைய சினிமா தியேட்டர் பெயரைச் சொல்லித்தான் கூவுவார். தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டி இருபது வருஷம் ஆகியிருக்கும், ஆனாலும் ஸ்டாப்பின் பெயர் மாறியிருக்காது. அந்தப் பெயரை யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. முதலில் ஒருவர் சொன்னார், நாலு பேருக்கு அது வசதியாக இருந்தது, கண்டக்டர் தினமும் அதையே கூவினார். அவ்வளவுதான்.

சாப்பாட்டுத் தினங்களும் ஏறக்குறைய இப்படித்தான் பிறக்கின்றன. ஒருவர் பெயர் வைக்கிறார். அது சிலருக்குப் பயன்படுகிறது. வருஷா வருஷம் யாரோ கூவிக்கொண்டே இருக்கிறார்கள். இந்த மூன்றில் கடைசியானதுதான் முக்கியம். பெயர் வைத்தவரை ஊர் மறந்துவிடும். கூவுகிறவர் நிறுத்தினால் அந்த நாளே மறந்துபோகும்.

"தேசிய" என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம், குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். அமெரிக்காவில் மத்திய அரசு அலுவலகங்கள் மூடுகிற விடுமுறை நாட்கள் மொத்தமே 11. மற்ற நூற்றுக்கணக்கான "தேசிய" தினங்களுக்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. நாளைக்கே நீங்கள் தேசிய ரசவடை தினம் என்று அறிவிக்கலாம், எந்தச் சட்டமும் தடுக்காது.

ஒரே ஒரு கையெழுத்து

அப்படியானால் அரசு எதையுமே அறிவித்ததில்லையா? அறிவித்திருக்கிறது. அதில் நன்றாக விளங்குகிற உதாரணம் ஐஸ்கிரீம்.

1984 ஜூலை 9 அன்று அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டார். பிரகடனம் என்றால் அரசுத் தலைவர் ஊரறியச் சொல்லும் அறிவிப்பு. அது யாரையும் எதையும் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தாது. அந்த ஜூலை மாதம் தேசிய ஐஸ்கிரீம் மாதம் என்றும், ஜூலை 15 தேசிய ஐஸ்கிரீம் தினம் என்றும் அதில் இருந்தது. தகுந்த விழாக்களோடும் நிகழ்ச்சிகளோடும் மக்கள் கொண்டாட வேண்டுமென்று முழு அரசாங்க நடையில் கேட்டுக்கொண்டார்கள். ஐஸ்கிரீமுக்கு என்ன தகுந்த விழாவோ!

அதிபருக்கு ஐஸ்கிரீம் மேல் திடீர்ப் பாசம் வந்துவிடவில்லை. காரணத்தைப் பாலில் தேட வேண்டும். விவசாயிக்குக் குறைந்தபட்ச விலை கிடைக்கட்டும் என்று அமெரிக்க அரசு பால் பொருட்களை வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தது. விற்பனை உறுதி என்றான பின் பண்ணைக்காரர் கறவையைக் குறைப்பாரா? பால் பெருகியது. சீஸும் வெண்ணெயும் பால் பவுடரும் கிடங்குகளில் மலையாகக் குவிந்தன, பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில்கூட சீஸ் அடுக்கி வைத்திருந்தார்கள். 1981 டிசம்பரில் அதிலிருந்து 3 கோடி பவுண்டு சீஸை ஏழைகளுக்குக் கொடுக்க ரீகன் உத்தரவிட்டார். 1983-ல் இன்னொரு சட்டம் வந்தது. ஒவ்வொரு 100 பவுண்டு பாலுக்கும் பண்ணைக்காரர் 15 சென்ட் கட்ட வேண்டும், அந்தப் பணம் பால் பொருட்களின் விளம்பரத்துக்குப் போகும். அடுத்த வருஷம்தான் ஐஸ்கிரீம் பிரகடனம். நாட்டில் கறக்கும் பாலில் பத்தில் ஒரு பங்குக்கு அருகில் ஐஸ்கிரீமுக்குப் போகிறது என்று அந்தப் பிரகடனமே சொல்கிறது. இந்தப் பிரகடனத்தைக் கோரி நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்த செனட்டர் வால்ட்டர் ஹடில்ஸ்டன், பால் பண்ணைகள் நிறைந்த கென்டக்கி மாநிலத்துக்காரர்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் வேறு. அந்தப் பிரகடனம் பேசியது 1984 ஜூலையைப் பற்றி மட்டும்தான். அடுத்த வருஷத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. அந்த ஜூலை 15 மாதத்தின் மூன்றாவது ஞாயிறாக இருந்தது. கடைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வருஷமும் ஜூலை மூன்றாம் ஞாயிறு என்று ஆக்கிவிட்டார்கள். அரசு போட்டது ஒரு கையெழுத்து, மிச்சம் நாற்பது வருஷமும் கடைக்காரர் கூவியதுதான்.

அந்தக் காலத்தில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் இது பெரிய வேலையாகவே நடந்திருக்கிறது. ஒரு நாளையோ வாரத்தையோ ஏதோ ஒன்றுக்கு அர்ப்பணிக்கும் தீர்மானத்தை நினைவுத் தீர்மானம் என்பார்கள். 1980-களில் சில ஆண்டுகளில், நிறைவேறிய சட்டங்களில் மூன்றில் ஒரு பங்கு இந்த வகைதான். உறுப்பினருக்குச் செலவில்லை, தொகுதியில் நல்ல பெயர். நேரம் வீணாகிறது என்று சொல்லி 1995-ல் பிரதிநிதிகள் சபை தன் விதியை மாற்றி இவற்றுக்குத் தடை போட்டது. அதனால், அதற்குப் பிறகு முளைத்த ஏதாவது ஒரு சாப்பாட்டுத் தினத்தைக் காட்டி "அமெரிக்க அரசே சட்டம் போட்டிருக்கு" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

சுருக்கமாக: அரசு அறிவித்த தினங்கள் உண்டு, ஆனால் குறைவு. அவற்றிலும் அரசின் பங்கு ஆரம்பித்து வைப்பதோடு முடிந்துவிடுகிறது.

போர்முனையில் ஏழு ஏழாகப் பொரித்தது

இனி சித்தப்பாவின் டோநட்டுக்கு வருவோம்.

1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. பிரான்சில் இருந்த வீரர்களுக்கு உதவ சால்வேஷன் ஆர்மி ஆட்களை அனுப்பியது. தமிழில் இதற்கு இரட்சணிய சேனை என்று பெயர், நாகர்கோவில் பக்கத்து ஆட்களுக்கு மருத்துவமனை மூலமாக நன்றாகத் தெரிந்த அமைப்பு. போனவர்களில் ஹெலன் பர்வியன்ஸ், மார்கரெட் ஷெல்டன் என்ற இரண்டு பெண்களும் உண்டு. விடாத மழை, சேறு, வீட்டு ஞாபகத்தில் வாடிப்போன பையன்கள். ஏதாவது இனிப்பாகச் செய்து கொடுக்கலாமென்றால் கேக் சுட ஓவன் இல்லை. கையில் இருந்தது மாவு, சர்க்கரை, பன்றிக் கொழுப்பு, பேக்கிங் பவுடர், டின் பால். இவற்றை வைத்துப் பொரிக்கத்தான் முடியும். காலி ஒயின் பாட்டிலைக் குழவியாக்கி மாவைத் தேய்த்தார்கள். சட்டி சின்னது, ஒரு ஈட்டுக்கு ஏழுதான் வேகும். முதல் நாள் 150 டோநட் போட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. மழையில் வரிசை நீண்டது.

போர் முடிந்து திரும்பிய வீரர்கள் அந்த டோநட்டை மறக்கவில்லை. பத்திரிகைகளும் அந்தப் பெண்களை மறக்கவில்லை. அப்புறம் பொருளாதார வீழ்ச்சி வந்தது, ஏழைகளுக்கு உதவ இரட்சணிய சேனைக்குப் பணம் தேவைப்பட்டது. 1938-ல் சிகாகோவில் அவர்கள் டோநட் தினம் நடத்தினார்கள், நிதி திரட்டவும் அந்தப் பெண்களை நினைவுகூரவும். ஆரம்பம் அதுதான்.

இதோடு ஒட்டிக்கொண்டு ஒரு தப்பான தகவலும் சுற்றுகிறது. அமெரிக்கக் காலாட்படை வீரர்களை "டோபாய்" என்று அழைப்பது இந்த டோநட்டால்தான் என்பார்கள். இல்லை. அந்தப் பட்டப்பெயர் 1840-களில் நடந்த மெக்சிகோ போர்க் காலத்திலேயே இருந்தது. பெயர் ஒத்துப்போவதால் கதை ஒட்டிக்கொண்டது.

இன்று அதே நாளில் பெரிய டோநட் கடைகள் ஒன்று இலவசம் என்று போர்டு வைக்கின்றன. வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஒயின் பாட்டில் தெரியும்? தியேட்டர் போய்விட்டது, ஸ்டாப் இருக்கிறது.

யாருடைய முட்டை?

கம்பெனிக்கும் இந்த நாட்களுக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள அமெரிக்கா போக வேண்டாம், நாமக்கல் போதும். தினமும் முட்டை சாப்பிடச் சொல்லித் தூர்தர்ஷனில் வந்த விளம்பரம் பலருக்கும் நினைவிருக்கும். அதில் எந்தப் பண்ணை முட்டை என்று இருக்காது. முட்டை, அவ்வளவுதான். கோழிப் பண்ணைக்காரர்கள் சேர்ந்து அமைத்த தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு கொடுத்த விளம்பரம் அது. இப்படி ஒரு பொருளை உற்பத்தி செய்பவர்கள் எல்லாரும் சேர்ந்து, யார் பெயரையும் போடாமல் பொருளை மட்டும் முன்னிறுத்துவதைப் பொது விளம்பரம் என்று வைத்துக்கொள்வோம். முட்டைக்கு முட்டை வித்தியாசம் இல்லாதபோது தனியாக விளம்பரம் செய்தால் பக்கத்துப் பண்ணைக்காரனுக்கும் சேர்த்துத்தான் விற்கும். அதனால் செலவைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

பொது விளம்பரத்தின் மலிவான வடிவம்தான் "தினம்". அக்டோபர் இரண்டாம் வெள்ளிக்கிழமையை உலக முட்டை தினம் என்று 1996-ல் அறிவித்தது சர்வதேச முட்டைத் தொழில் அமைப்பு. சுவீடனில் அக்டோபர் 4 இலவங்கப்பட்டை பன் தினம். பாட்டி காலத்துப் பண்டிகை போல அங்கே கொண்டாடுகிறார்கள், ஆனால் பிறந்தது 1999-ல். பெற்றெடுத்தது வீட்டு பேக்கிங்குக்கான ஒரு குழு. மாவு, சர்க்கரை, ஈஸ்ட், மார்ஜரின் தயாரிப்பவர்கள்தான் அந்தக் குழுவுக்குப் பின்னால் இருந்தவர்கள். வீட்டில் பன் சுட என்னென்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள், அதே பட்டியல்.

இது நவீன வியாபாரத் தந்திரம் என்று நினைத்தால் ஜப்பானின் விலாங்கு மீன் கதையைக் கேட்க வேண்டும். கோடையில், பழைய நாட்காட்டிப்படி "எருது நாள்" வரும்போது, ஜப்பானியர்கள் விலாங்கு மீனைச் சுட்டுச் சாப்பிடுவார்கள். வெயில் களைப்புக்கு நல்லது என்பது நம்பிக்கை. விலாங்கு கொழுத்து ருசியாக இருப்பதோ குளிர்காலத்தை ஒட்டி, கோடையில் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அப்படித் தவித்த ஒரு கடைக்காரர் 18-ஆம் நூற்றாண்டு அறிஞர் ஹிராகா கென்னாயிடம் யோசனை கேட்டாராம். "இன்று எருது நாள்" என்று எழுதி வாசலில் மாட்டு என்றாராம் அவர். எருதுக்கு ஜப்பானிய மொழியில் உஷி. அந்த நாளில் "உ" என்று தொடங்கும் பண்டம் சாப்பிட்டால் நல்லது என்று ஏற்கெனவே ஒரு நம்பிக்கை இருந்தது. விலாங்கு, உனாகி. கூட்டம் அள்ளிவிட்டது. இந்தக் கதை எழுத்தில் உறுதியானதல்ல, செவிவழியாக வந்தது. வழக்கம் மட்டும் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது, அளவுக்கு மீறி. 2014-ல் ஜப்பானிய விலாங்கு அழியும் நிலையில் உள்ள இனங்களின் சர்வதேசப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் தட்டில் போய்ச் சேர்ந்ததும் ஒரு காரணம்.

விளம்பரத்துக்கு ஏன் ஒரு தேதி தேவைப்படுகிறது? "முட்டை நல்லது" என்று ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் போய்ச் சொன்னால், அது நேற்றும் நல்லதுதானே என்பார். "இன்று உலக முட்டை தினம்" என்றால் செய்தி போட ஒரு சாக்கு கிடைத்துவிடுகிறது. நமக்கும் அப்படித்தான். அட்சய திருதியைக்குத் தங்கம் வாங்க ஓடுகிற வேகம் நம் பாட்டிமார் காலத்தில் இருந்ததா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

புரட்டாசிக்கு முந்தின நாள்

எல்லா நாளும் விற்பனைக்காகப் பிறந்தவை அல்ல. இங்கிலாந்தில் பான்கேக் தினம் என்று ஒன்று, கிறிஸ்தவர்களின் நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய். தவக்காலத்தில் முட்டை, பால், வெண்ணெய் விலக்கப்பட்டிருந்த காலத்தில், வீட்டில் மிச்சமிருப்பதைத் தீர்க்க வேண்டுமே? மூன்றையும் மாவில் கலந்து தோசைபோல வார்த்துவிட்டார்கள். புரட்டாசி பிறப்பதற்கு முந்தின ஞாயிறு கறிக்கடையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஓல்னி என்ற ஊரில் சட்டியோடு பான்கேக்கைத் தூக்கிப் போட்டுப் பிடித்தபடி பெண்கள் ஓடும் பந்தயம் 1445-ல் தொடங்கியது என்பது அந்த ஊர் வழக்கு. இன்று அங்கே நோன்பு இருப்பவர்கள் குறைவு, பான்கேக் வார்ப்பவர்கள் நிறைய.

இதுவரை பார்த்ததில் மூன்று வகைப் பிறப்பு தெரிகிறது: தேவையில் பிறந்த நாள், நினைவில் பிறந்த நாள், விற்காத சரக்கில் பிறந்த நாள். எங்கே பிறந்தாலும் வளர்க்க ஒரு கை வேண்டியிருக்கிறது.

கண்டக்டர் யார்?

அந்தக் கை ரொம்ப காலம் ஒரு புத்தகமாக இருந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பத்திரிகை அலுவலக நூலகராக இருந்தவர் வில்லியம் சேஸ். இன்றைக்கு என்ன விசேஷம் என்று பார்க்க ஒரே இடத்தில் தகவல் இல்லையே என்று, சகோதரர் ஹாரிசனோடு சேர்ந்து 1957-ல் ஒரு நாட்காட்டியைத் தொகுத்தார். வருஷா வருஷம் அது பருத்துக்கொண்டே போனது. வானொலி அறிவிப்பாளர்களும் பத்திரிகைக்காரர்களும் காலையில் அதைப் புரட்டிப் பேச விஷயம் எடுத்தார்கள். நம் வீட்டுத் தினசரிக் காலண்டர் தாளில் ராகு காலத்துக்குக் கீழே "உலக காசநோய் தினம்" என்று இருக்குமே, அதன் தடித்த அண்ணன் என்று சொல்லலாம்.

2013-ல் வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த மார்லோ ஆண்டர்சன் என்பவர் இணையத்தில் ஒரு தேசிய நாள் காலண்டரைத் தொடங்கினார். பாப்கார்ன் தினம் எங்கிருந்து வந்தது என்ற ஆர்வத்தில் ஆரம்பித்தது அது. பிறகு புதிய தினத்தைப் பதிவு செய்ய நிறுவனங்களிடம் கட்டணம் வாங்கும் தொழிலாக வளர்ந்தது. "தேசிய" முத்திரைக்கு இப்படி ஒரு தனியார் பதிவேடு உருவானது. சமூக ஊடகம் வந்தபின் கூவுவதற்குச் செலவே இல்லை. சித்தப்பா இலவசமாகவே செய்கிறார்.

கூவுகிறவர் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நுட்டெல்லா நல்ல பாடம். 2007-ல் இத்தாலியில் வாழ்ந்த அமெரிக்கப் பெண் சாரா ரோஸோ, அந்த ஹேசல்நட் சாக்லேட் விழுது மேல் இருந்த ஆசையில் பிப்ரவரி 5-ஐ உலக நுட்டெல்லா தினம் என்று அறிவித்தார். கம்பெனிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். 2013-ல் அதைத் தயாரிக்கும் ஃபெரேரோவின் வக்கீல்களிடமிருந்து, எங்கள் பெயரைப் பயன்படுத்தாதே என்று அவருக்கு நோட்டீஸ் வந்தது. காசு வாங்காமல் விளம்பரம் செய்தவருக்கு வக்கீல் நோட்டீஸ்! ரசிகர்கள் கொதித்தார்கள், சில நாட்களில் கம்பெனி பின்வாங்கியது. 2015-ல் அந்த நாளைக் கம்பெனியிடமே அவர் ஒப்படைத்துவிட்டார்.

பணம் கொட்டினால் மட்டும் நாள் நிற்குமா? அயர்லாந்தில் கின்னஸ் பீருக்கு 250 வருஷம் ஆனதை ஒட்டி 2009-ல் ஆர்தர் தினம் தொடங்கினார்கள். நிறுவனர் ஆர்தர் கின்னஸ் மதுவாலைக்குக் குத்தகை எழுதியது 1759 என்பதால் மாலை 17:59-க்கு எல்லாரும் கோப்பையைத் தூக்க வேண்டும். பெரிய பாடகர்கள், பெரிய மேடைகள். குடிக்கத் தூண்டுவதற்கு ஒரு தேசிய நாளா என்று மருத்துவர்களும் கலைஞர்களும் எதிர்த்தார்கள். 2013-க்குப் பிறகு அந்த நாள் இல்லை.

தென்கொரியாவில் ஒரே தேதிக்கு இரண்டு கண்டக்டர்கள். நவம்பர் 11-ஐ எண்ணில் எழுதினால் நாலு குச்சி. சாக்லேட் பூசிய குச்சி பிஸ்கட்டான பெப்பெரோவைத் தயாரிக்கும் லோட்டே அதைப் பெப்பெரோ தினமாக வளர்த்தது. அதே தேதி 1996 முதல் அரசின் விவசாயிகள் தினம். பதினொன்றின் சீன எழுத்துகள் இரண்டையும் மேலும் கீழுமாக அடுக்கினால் மண் என்ற எழுத்து வரும். பிஸ்கட்டுக்குப் போட்டியாக, நீளமான அரிசிப் பண்டமான கரேதோக்கின் நாள் என்று வேளாண் அமைச்சகம் 2006 முதல் கூவிப் பார்க்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கையில் பெரும்பாலும் பிஸ்கட்தான்.

நம் பக்கத்து இரண்டு நாட்கள்

மார்ச் 30 உலக இட்லி தினம். 2015-ல் சென்னையில் தொடங்கி வைத்தவர், விதவிதமான இட்லிகளுக்குப் பேர்போன இனியவன். ஐ.நா. சபை அறிவித்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இட்லி விற்பவர் இட்லிக்கு ஒரு நாள் வைத்தார். சுவீடன் பன்னுக்கு நடந்தது இதுவேதான். அது நம் நாள் ஆகுமா என்பது நாம் கூவுவதைப் பொறுத்தது. எனக்கு ஆட்சேபணை இல்லை, தேங்காய்ச் சட்னி கெட்டியாக இருந்தால் சரி.

தேநீருக்கு நடந்தது அவ்வளவு லேசானதல்ல. ஐ.நா. உண்மையிலேயே அறிவித்த நாட்களில் சர்வதேசத் தேயிலை தினமும் ஒன்று. 2019-ல் அறிவித்தார்கள், மே 21. பல நாடுகளில் நல்ல தேயிலை கிடைக்கும் பருவம் மே மாதத்தில் தொடங்குவதால் அந்த மாதம். ஆனால் அதற்கு முன்பே தேயிலைக்கு ஒரு நாள் இருந்தது. 2005-ல் புது டெல்லியில் தொழிற்சங்கங்களும் தொழிலாளர் அமைப்புகளும் கூடி டிசம்பர் 15-ஐத் தேயிலை தினமாக அனுசரித்தன. அவர்கள் பேசியது தேநீரின் மணத்தைப் பற்றி அல்ல. கூலி, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடு, சிறு விவசாயிக்குக் கிடைக்கும் கொழுந்து விலை, இவற்றைப் பற்றி. அடுத்த ஆண்டு அது இலங்கைக்குப் போனது. மலையகத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த மண் அது.

இப்போது மே 21 அன்று கோப்பைப் படங்கள் வாட்ஸாப்பில் வருகின்றன. டிசம்பர் 15-க்குப் படம் எதுவும் வருவதில்லை. மலையகத்தில் அதையே தங்கள் தேயிலை நாளாக வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அன்றைக்கு அவர்கள் பேசுவது அப்போதும் இப்போதும் நாட்கூலியைப் பற்றித்தான்.